ஒரு நெகட்டிவ், மூன்று மென்பொருள்

அக்காவின் கண்ணைப் பார்த்த டாக்டர், வலது கண்ணில் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார். இடது கண்ணில் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, திங்கட்கிழமை ஆபரேஷன் செய்து பார்க்கலாம், இருக்கிற பார்வை நின்றால் சரி, நிற்கும் என்று உறுதி சொல்வதற்கில்லை என்றார். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மயக்கம் போட்டு விழுந்தது நான். திருநெல்வேலியில் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பெஞ்சில் படுக்கப்போட்டு, அவளுக்குப் பார்க்க வேண்டிய பிரஷரை எனக்குப் பார்த்தார்கள். இதில் பேஷன்ட் யார் என்று நர்ஸ் கேட்டதற்கு அக்கா, "டோக்கன் எனக்கு, நோவு இவனுக்கு" என்றாள்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊரில் என்னைத் தமாஷ் பேர்வழி என்பார்கள். வாயை மூடினால் உள்ளேயிருந்து பயம் பேச ஆரம்பித்துவிடும் என்பதால்தான் நான் ஓயாமல் பேசுகிறேன் என்பது என் மனைவிக்கு மட்டும் தெரிந்த விஷயம். இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

சங்கரன்கோவிலுக்குத் திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், ஊர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, திங்கக்கெழமைக்குள்ள அந்தப் படத்தப் பெருசாப் போட்டுத் தாயேன். அவன் முகத்த ஒருக்க நல்லாப் பாத்துக்கிடுதேன். பொறவு என்னமும் ஆயிட்டுப் போவுது."

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. அவளிடம் இருந்தது ஒரே படம். அவளுடைய மூத்த மகன், இரண்டு வயது நிறைவதற்கு மூன்று மாதம் இருந்தபோது எடுத்தது. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை அகல விரித்துக் காமிராவைப் பார்க்கிறான். பதினைந்து நாள் கழித்து அந்தப் படம் அவள் கைக்கு வந்தபோது அவன் இல்லை.

அவன் காய்ச்சலிலும் வலிப்பிலும் கிடந்த நாட்களில் அக்கா இரண்டாவது பிரசவத்துக்காகத் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் இருந்தாள். ஆபரேஷன் செய்து மகள் பிறந்தாள். தையல் சீழ் பிடித்து அவளை மூன்று வாரம் அனுப்பவில்லை. பையன் எங்கள் வீட்டில், எங்கள் பொறுப்பில் இருந்தான். ஒரு நாள் சாயங்காலம் அவனைப் புதைத்தார்கள். அவளுக்கு அந்த நிலைமையில் சொல்லக்கூடாது என்று முடிவானது. கைக்குழந்தையோடு வீட்டு வாசலில் வந்து இறங்கியவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "முகத்தக்கூட எனக்குக் காட்டலியே" என்று அவள் அலறியது நாலு தெருவுக்குக் கேட்டது. அவளை அமர்த்தத்தான் என் அப்பா அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தார்.

"இது எப்ப எடுத்தது?" என்று அழுகைக்கு நடுவில் கேட்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார். நானும் அத்தானும் அப்பாவும்தான் அன்று ஸ்டுடியோவுக்குப் போனவர்கள். அத்தான் என்றால் அக்காவின் புருஷன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "காச்ச வாரதுக்கு முந்துன வாரம்" என்றார் அப்பா. அது பொய் என்று எனக்குத் தெரியும். படம் எடுத்தது அவன் இறந்த அன்றைக்கு மத்தியானம். ஆனால் அப்பா என்னைப் பார்த்த பார்வை, நீயும் ஏதாவது சொல்லுடா என்பது போல இருந்தது. எனக்குப் பதினாலு வயது. பயம் வந்தால் வாய் தானாக ஓடும் வியாதி அப்போதே இருந்தது.

"நான் காமிராவுக்குப் பின்னால நின்னு கொரங்கு மாதிரி குதிச்சேன்க்கா. அதப் பாத்துத்தான் இப்படி முழிக்கான்" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டாள். அழுகையோடு கலந்து வந்த ஒரு சிரிப்பு. வீட்டில் எல்லாரும் மூச்சுவிட்டார்கள். அதிலிருந்து முப்பத்தெட்டு வருஷமாக அந்தக் கதையை அவள் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் ஒரு பிடி சேர்த்தேன். துண்டை வாலாகக் கட்டியது, ஸ்டுடியோக்காரர் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தது, பையன் கையைத் தட்டியது. எல்லாம் என் சொந்தச் சரக்கு.

சுவரில் மாட்டியிருந்த படம் போன மழையில் ஓதம் ஏறிக் கண்ணாடியோடு ஒட்டி, தொட்டால் தோலாக உரிந்தது. மிஞ்சியது நெகட்டிவ் மட்டும். அத்தான் இரண்டு வருஷத்துக்கு முன் இறந்த பிறகு, அவர் பெட்டியில் ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள், வெள்ளைத் தாளில் மடித்து இருந்தது. சின்னச் சதுரம், கலர் பிலிம். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிளெக்ஸ் போர்டு வடிவமைக்கும் கடை வைத்திருக்கிறேன். பிலிம் வைத்து எடுக்கும் சட்டத்தோடு ஒரு ஸ்கேனரும் இருக்கிறது. பழைய கல்யாண ஆல்பங்களை நெகட்டிவிலிருந்து கணினியில் ஏற்றி வைக்கலாம் என்று ஆசைப்பட்டு, ராஜபாளையத்தில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. ஆகவே இது எனக்கு அரை மணி வேலை என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை ஸ்கேனரோடு வந்த மென்பொருளில் ஆரம்பித்தேன். அதில் ஒரே ஒரு பொத்தான். அமுக்கினால் தானே ஓரத்தை வெட்டி, தானே வெளிச்சம் கூட்டி, நெகட்டிவின் ஆரஞ்சுச் சாயத்தை எடுத்து, படத்தைக் கையில் தந்துவிடும். கேள்வி கேட்காத மாப்பிள்ளை. திரையில் பையன் என்னைப் பார்த்தான். அழகாகத்தான் இருந்தான். ஆனால் அக்காவுக்கு வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கியபோது கண் இரண்டும் கெட்டுப்போயின. வெள்ளை விழி இருக்க வேண்டிய இடத்தில் நெருக்கமாகக் கோடுகள். கோழி கிளறிய மாதிரி. மீசை வைக்காத குறைதான். சரி, ஓசியில் வந்த மென்பொருளுக்கு இவ்வளவுதான் வரும் என்று நல்லதாகத் தேட இறங்கினேன்.

அங்கேதான் தப்பு. பிலிமை ஸ்கேன் செய்ய எந்த மென்பொருள் சிறந்தது என்று இணையத்தில் உலகம் பூராவும் அடித்துக்கொள்கிறார்கள். கோயில் கொடையில் முதல் மாலை யாருக்கு என்று நம் ஊரில் வேட்டியை மடித்துக் கட்டுவார்களே, அதே ஆவேசம். தப்பான மென்பொருளைத் தேர்ந்தெடுத்தால் திங்கட்கிழமைக்குள் அக்கா குருடாகிவிடுவாள் என்பது போலப் பயந்து, இரண்டை ஒரே நேரத்தில் இறக்கினேன்.

இரண்டாவது மென்பொருள் பழைய கணக்கு வாத்தியார் மாதிரி. பிலிம் என்ன ரகம், எத்தனை தடவை வருடட்டும், எந்த ஓரத்திலிருந்து எந்த ஓரம் வரை என்று எல்லாவற்றையும் என்னையே கேட்டது. காசு கொடுக்காமல் சோதிப்பவர்களுக்கு, படத்தின் குறுக்கே தன் பெயரைப் பச்சை குத்திவிடும். ஆனால் ஒன்று, எதையும் வெட்டாது, எதையும் சரி செய்யாது. பிலிமில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே எடுத்து வைக்கும். ஆவணமாகச் சேர்த்து வைக்கிறவர்கள் இதைத்தான் மெச்சுகிறார்கள். கண் இதிலும் கோடு கோடாகத்தான் இருந்தது. அதோடு, பிரின்டில் நாங்கள் இத்தனை வருஷம் பார்க்காத ஓரம் ஒன்றும் தெரிந்தது. நாற்காலிக்கு மேல் ஒரு போர்வை விரித்திருந்தார்கள். அதற்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து, பையனின் பிடரியில் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. உள்மணிக்கட்டில் கடிகாரம். கடிகாரத்தை அப்படி உள்பக்கம் திருப்பிக் கட்டுகிறவர் எங்கள் வீட்டில் அத்தான் ஒருவர்தான்.

"காமிரான்னா கூச்சம் மனுசனுக்கு" என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன். வேறு என்ன நினைக்க?

மூன்றாவது மென்பொருள் சுத்தப் பைத்தியம். பதினைந்து நாள் முழுசாக ஓசியில் ஓடும் என்று போட்டிருந்தார்கள். அதன் பெருமை, தூசியும் கீறலும் நீக்குவது. வழக்கமான விளக்கோடு, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வெளிச்சத்தையும் பிலிமுக்குள் அனுப்புகிறது. அது படத்தின் நிறங்களுக்குள் புகுந்து போய்விடும். தூசி, முடி, கீறல் என்று பிலிமின் மேல் ஏதாவது இருந்தால் அதில் மட்டும் முட்டி நிற்கும். எங்கே முட்டுகிறதோ அதெல்லாம் அழுக்கு என்று தீர்மானித்து, அழித்து, பக்கத்தில் உள்ள நிறத்தால் நிரப்பிவிடும். சரி, கண்ணில் இருக்கிற கோடும் கீறல்தானே, போகட்டும் என்று அந்த வசதியைப் போட்டு, முழு ஓரமும் வரும்படி எடுத்தேன். நாலு நிமிஷம் ஸ்கேனர் முனகியது. படம் மேலிருந்து கீழாக வந்தது.

முடி சுத்தம். நெற்றி சுத்தம். பையன் கண்ணை மூடியிருந்தான்.

நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டினேன். முதல் மென்பொருளின் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே சட்டை, ஒரே நாற்காலி, ஒரே பையன். இங்கே முழித்திருக்கிறான், அங்கே மூடியிருக்கிறான். மறுபடி ஸ்கேன் செய்தேன். மறுபடியும் மூடினான். ஸ்கேனரைத் துடைத்து, கணினியை அணைத்துப் போட்டு, முருகனைக் கும்பிட்டு மூன்றாவது தடவையும் செய்தேன். மூடினான். உடனே அந்த மென்பொருள் கம்பெனிக்கு, எனக்கு வருகிற இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். "உங்கள் மென்பொருள் ஒரு குழந்தையின் கண்ணை மூடிவிட்டது. தயவுசெய்து உடனே திறக்கவும். அவசரம்." அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தேன். அதைப் படிக்கிறவர் எனக்காக ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்பார்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. மரியாதையான ஆள். எங்கள் மென்பொருள் எதையும் புதிதாக வரையாது, பிலிமின் மேலே ஒட்டியிருப்பதை மட்டும்தான் எடுக்கும், கண் இருக்கும் இடத்தில் பிலிமின் மேல் ஏதேனும் பூசியிருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கவும் என்று எழுதியிருந்தார்.

என்னிடம் உருப்பெருக்கி கிடையாது. பக்கத்தில் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கும் அண்ணாச்சியிடம், துணியில் இழை எண்ணிப் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு.

"அண்ணாச்சி, அந்த எழை எண்ணுத கண்ணாடியக் கொஞ்சம் தாங்க."

"எதுக்கு வே? எம் பொடவைல எழை கொறையுதுன்னு பிளெக்ஸ் அடிக்கப் போறீரா?"

"ஒரு நெகட்டிவப் பாக்கணும். கம்ப்யூட்டரு கண்ண மூடுது."

"வெயில்ல அலையாதீரும்னு சொன்னாக் கேக்கீரா?" என்றபடி அவரும் கூடவே வந்துவிட்டார். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து நான் முதலில் பார்த்தேன். எனக்குக் கறுப்பும் ஆரஞ்சுமாகத்தான் தெரிந்தது. அவர் வாங்கி, இழை எண்ணுகிற நிதானத்தில் ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"பென்சிலு வே. ஊசி மாதிரி சீவி, கோடு கோடாப் போட்டிருக்கான். நடுவுல கத்தி வச்சுச் சொரண்டி கருவிழி எடுத்திருக்கான். கெட்டிக்காரன். அடில எமை மூடித்தான் இருக்கு. புள்ள தூங்குது."

சொன்ன பிறகு அவரே கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தார். "தூங்குத புள்ளய எவன் வே நாக்காலில வச்சு எடுப்பான்?"

அவர் நெகட்டிவைத் தாளில் மடித்து என் மேஜையில் வைத்தார். "எங்க ஐயாவையும் நாக்காலில உக்காத்தி, பின்னாலேருந்து துண்டால கட்டித்தான் எடுத்தோம். குடும்பம் பூரா சுத்தி நின்னோம். ஸ்டுடியோக்காரரு கண்ணு தொறந்து தரட்டுமான்னு கேட்டாரு. ஐயா தூங்குனாப்புலயே இருக்கட்டும்னுட்டா எங்க அம்ம." வாசல் வரை போய்த் திரும்பி, "யாரு புள்ள வே?" என்றார்.

"எங்க அக்கா புள்ள."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒமக்கு?"

கூடத்தில் தறி ஓடுகிற சத்தம் கேட்கிறது என்று சொல்லி, நான் வாய் திறப்பதற்குள் அவர் போய்விட்டார்.

எனக்குத் தெரியுமா? இன்றைக்கு வரை அதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. அன்று காய்ச்சலுக்குப் பார்த்த டாக்டர் வீட்டிலிருந்து அத்தான் பையனைத் தோளில் போட்டு, சால்வையால் தலை வரை மூடி எடுத்து வந்தார். நான் வழியில் போய்ச் சேர்ந்துகொண்டேன். அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அப்பா, "தூங்குதான், சத்தம் காட்டாத" என்றார். நேரே வீட்டுக்குப் போகாமல் ஸ்டுடியோவுக்கு ஏன் போனோம் என்று நான் கேட்கவில்லை. "நீ வெளிய நில்லு" என்றார்கள். நின்றேன். வாசலில் கல்யாணப் படங்கள் மாட்டிய கண்ணாடிப் பெட்டி இருந்தது. அந்தக் கண்ணாடியில் தெரிந்த என் முகத்துக்கு நானே பழிப்புக் காட்டிக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருந்தேன். குரங்குக் கதையில் உண்மை அவ்வளவுதான். நாலு மணிக்கு வீட்டில் அழுகை எழுந்தபோது, இப்போதுதான் உயிர் போனது என்று சொன்னார்கள். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

அப்பா ஸ்டுடியோக்காரரிடம் என்ன சொல்லியிருப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய புத்தி தேவையில்லை. பெற்றவள் பார்க்க வேண்டும், கண் திறந்திருக்கட்டும். அந்த ஆள் இரண்டு வாரம் ஒரு கடுகளவு முகத்தின் மேல் உட்கார்ந்து, ஒரு தாய் சந்தேகப்படாத கண்ணை வரைந்திருக்கிறார். சின்னப் படத்தில் அது நின்றது. பெரிதாக்கத்தான் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க நான் செய்தது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் கடையில் பாதி வேலை கண்ணீர் அஞ்சலி போர்டு. உயிரோடு இருக்கும்போது ஒரு படம் எடுத்துக்கொள்ளாதவர்களைக் கட்டிலில் கிடத்திய பிறகு செல்போனில் எடுத்து வந்து, கண்ணை மட்டும் திறந்துவிடுங்கள் என்பார்கள். அதற்காகக் கணினியில் கண்களாகவே ஒரு கோப்புறை சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரே ஜோடிக் கண்ணை எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இரண்டு பேருக்கு வைத்து, இருவரும் தேரடியில் ஒரு வாரம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நான், ஒரு குழந்தைக்குக் கண் வைக்க முடியாதா?

முடியவில்லை. பெரியவர்களின் கண்ணைச் சுருக்கி வைத்தால் பையன் கூட்டுறவு சங்கச் செயலாளர் மாதிரி ஆனான். அக்கா மகளின் குழந்தைப் பருவப் படத்திலிருந்து கண்ணை எடுத்து வைத்தேன். தங்கச்சிதானே, ஒட்டியது. ஆனால் அப்புறம் அவன் அவனாக இல்லை, அவளாக இருந்தான். வேறு வழியில்லை, இதையே கொடுத்துவிடுவது, அக்காவுக்கு இருக்கிற பார்வைக்கு வித்தியாசம் தெரியாது என்று தீர்மானித்தேன். எழுதும்போது இந்த வாக்கியத்தை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம், தங்கச்சிக் கண் படமும் மூடிய கண் படமும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது கடை வாசலில் குடையை மடக்கும் சத்தம் கேட்டது. அக்கா. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்திருக்கிறாள். நான் பதறி, மூடிய கண் படத்தை மறைக்கப் போய், தங்கச்சிக் கண் படத்தை மூடினேன். சேமிக்கவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்பதை அமுக்கினேன். ஒரு நாள் வேலை போனது. திரை முழுக்க மூடிய கண் விரிந்தது.

"ஏலே, முடிஞ்சிட்டா?"

"இன்னும் இல்லக்கா. சாப்ட்வேரு கொஞ்சம் மக்கர் பண்ணுது. நீ உக்காரு, குடிக்கக் கலர் வாங்கியாரேன்."

"கலரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். காட்டு."

நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையில் மூக்கு முட்டுகிற மாதிரி இடது கண்ணைக் கொண்டுபோனாள். குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் அவளுக்குத் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதலில் சட்டையைப் பார்த்தாள். பிறகு கன்னம். பிறகு கண்ணுக்கு வந்து நின்றாள்.

"இது என்னதுலே?"

"அது... கண்ணு சிமிட்டும்போது விழுந்த படம்க்கா. மொதல்ல இப்படி விழுந்துட்டு. பொறவுதான் நான் குதிச்சேன்."

"நெகட்டிவு ஒண்ணுதானலே இருந்துச்சு?"

"ஒண்ணுலயே ரெண்டு விழும்க்கா, அந்தக் காலத்து காமிரால..."

அவள் நான் சொல்வதைக் கேட்கவில்லை. அவள் பார்வை முகத்தில் இருந்து கழுத்துக்கு, கழுத்தில் இருந்து பிடரிக்கு நகர்ந்தது. "இது அவுக கையில்லா?" என்றாள். கடிகாரத்தின் மேல் விரலை வைத்தாள். "எதுக்கு இப்படிப் புடிச்சிருக்காக?"

அவள் விரல் கடிகாரத்திலிருந்து சட்டைக் கொத்துக்கு நகர்ந்தது.

"தல நிக்கலியாலே?"

அப்போது பார்த்துக் கரண்ட் போனது. பக்கத்துக் கூடத்தில் தறிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. கணினிக்கு வைத்திருந்த பேட்டரிப் பெட்டி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. வாழ்க்கையில் மின்வாரியத்தை மனசார வாழ்த்தியது அந்த ஒரு தடவைதான். "அக்கா, கரண்ட் போச்சு. உடனே அணைக்கணும், இல்லாட்டா கம்ப்யூட்டரு கெட்டுப்போவும்" என்று பாய்ந்தேன்.

"தொடாத" என்றாள். "உசுரு இருந்துச்சா?"

"இல்லக்கா."

"நீ பாத்தியா?"

"நான் வெளிய நின்னேன்."

அவள் திரையை விட்டு முகத்தை எடுக்கவில்லை. உதட்டைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், மூடிய இமையின் மேல் விரல் நுனியை வைத்தாள். அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் அழவில்லை.

"எத்தன வருசம்லே என்னைச் சிரிக்க வச்ச" என்றாள்.

இதில் பாராட்டு ஒன்றும் இல்லை. அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

"உங்க அத்தான் அந்தப் படத்துக்கு நேரா உக்கார மாட்டாக. சாப்பிடும்போதுகூட அதுக்கு முதுகக் காட்டித்தான் உக்காருவாக. பெத்த புள்ள மூஞ்சியப் பாக்க மனசில்லாத கல்லுன்னு நான் சண்ட போடாத நாளு கெடையாது. எதுத்து ஒரு வார்த்த பேசல. தலையக் குனிஞ்சு சாப்பிட்டுட்டுப் போயிருவாக. சாகுத வரைக்கும் சொல்லிக் காட்டுனேன்லே நான்." திரையிலிருந்து திரும்பாமலே, "நீயும் அங்கனதான உக்காந்திருந்த? எத்தன நாளு. நாங்க சண்ட போடையில வந்து நடுவுல உக்காந்து கொரங்குக் கத சொன்னேல்லா?"

சொல்லியிருக்கிறேன். சமாதானம் செய்ய அதைவிட நல்ல கதை என்னிடம் இல்லை. அத்தான் எழுந்து வெளியே போய்விடுவார். கதை கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். இப்போது, கடையில் நின்றுகொண்டு, அவர் எழுந்து போன ஒவ்வொரு தடவையும் எனக்கு வரிசையாக நினைவு வந்தது.

பீப் சத்தம் ஒரே இழுவையாகி, திரை அணைந்தது. அக்கா இருட்டுத் திரைக்கு முன்னால் அப்படியே இருந்தாள். நான் போய் வாசல் படியில் உட்கார்ந்தேன். படத்தைச் சேமிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பி அவளைப் பார்க்கப் பயந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அரை மணி கழித்துக் கரண்ட் வந்தது. தறிகள் ஓட ஆரம்பித்தன. "அக்கா, அந்தப் படம் போயிட்டு" என்றேன். "திரும்ப எடுக்கணும். எது வேணும்? கண்ணு தொறந்ததும் எடுக்கலாம், இதும் எடுக்கலாம்."

"நான் பாக்காத முகத்த எடு."

எடுத்தேன். ஸ்கேனர் மூடியின் இடுக்கில் வெளிச்சம் நகர்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் வந்ததும், இந்தத் தடவை முதல் வேலையாகச் சேமிக்கப் போனேன். படத்தைப் பற்றிக் குறிப்பு எழுத ஒரு கட்டம் திறந்தது. கல்யாண ஆல்பம் ஏற்றும்போது நான் அதைக் காலியாக விட்டுத் தாண்டிவிடுவது வழக்கம்.

"அது என்ன கட்டம்?"

"படத்தப் பத்தி ரெண்டு வரி எழுதி வைக்கலாம். பின்னால பாக்குறவங்களுக்கு."

"எழுது" என்றாள். பையன் பேரைச் சொன்னாள். வயதை மாதக் கணக்கோடு சொன்னாள். "செத்த பொறவு எடுத்தது. பின்னால இருக்க கையி அவன் அப்பன் கையி. தாத்தா கூட இருந்தாக. அம்ம ஆஸ்பத்திரில கெடந்தா. மாமன் வெளிய நின்னான்."

தட்டினேன். "வாசி" என்றாள்.

வாசித்தேன். கடைசி வரியை, "மாமனுக்குப் பதினாலு வயது, வெளியே நிற்கச் சொன்னார்கள்" என்று எழுதியிருந்தேன்.

"வயச எடு" என்றாள். எடுத்தேன். "சொன்னாங்கங்கதையும் எடு." அதையும் எடுத்தேன். மறுபடி வாசித்துக் காட்டச் சொன்னாள். மாமன் வெளியே நின்றான். தலையை ஆட்டினாள்.

கடையில் இருப்பதிலேயே பெரிய போட்டோத் தாளை அச்சு இயந்திரத்தில் வைத்தேன். முகம் பெரிதாக வர வேண்டும் என்றால் ஓரத்தைக் குறைக்க வேண்டும். திரையில் வெட்டுக் கோட்டை இழுத்துக்கொண்டே, அவள் பக்கம் பார்க்காமல் கேட்டேன்.

"பின்னால இருக்கத வெட்டிரட்டுமாக்கா? முகம் மட்டும் இன்னும் பெருசா வரும்."

"முகம் சின்னதா வந்தாலும் வரட்டும்" என்றாள். "அவுக கையி இருக்கட்டும்லே."

தாள் மெல்ல வெளியே வரத் தொடங்கியது. முழுதும் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. எழுந்து, இயந்திரத்தின் மேல் குனிந்து, வந்தவரைக்கும் பார்க்க இடது கண்ணைக் கொண்டுபோனாள்.